அடுக்கும் பாட்டிலில் எந்தப் பிடி முதலில் விட வேண்டும்?

பாலக்காட்டு எல்லையோரத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்து வீடுகளில் முகம் பார்க்கும் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பலகை ஒரு சாண் அகலம்கூடத் தேறாது. தேங்காயெண்ணெய், குங்குமாதி தைலம், கஸ்தூரி மஞ்சள் டப்பா, கண்மை, பவுடர், முகத்துக்குப் போடும் கிரீம், பன்னீர் என்று ஏழெட்டுச் சாமான் அதில்தான் நிற்க வேண்டும். பின்னால் இருப்பதை எடுக்கக் கை நீட்டினால் முன்னால் இருக்கும் இரண்டு உருளும். பக்கவாட்டில் இடம் இல்லை. மேலே நிறைய இருக்கிறது. ஆகவே ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும், ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும் பாட்டில் என்பது நல்ல யோசனைதான். பொள்ளாச்சியிலும் பாலக்காட்டிலும் சின்ன அளவில் எண்ணெய், கிரீம் காய்ச்சி விற்பவர்கள் பலருக்கு இந்த ஆசை இருக்கிறது. அவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

ஆசைப்படுகிற எல்லோரும் முதலில் கேட்பது "எப்படி மாட்டுவது?" என்று. க்ளிக் வைக்கலாமா, காந்தம் வைக்கலாமா, மரை வெட்டலாமா என்று பேச்சு அங்கேயே சுற்றும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: இழுத்தால், திருகினால், கீழே விழுந்தால் எது முதலில் விட வேண்டும்? அடுக்கும் பாட்டிலில் இரண்டு பிடிகள் இருக்கின்றன. ஒன்று, மூடி தன் பாட்டிலைப் பிடிக்கும் பிடி. மற்றொன்று, மேல் பாட்டில் கீழ் பாட்டிலின் மூடியைப் பிடிக்கும் பிடி. அடுக்கின் பிடி எப்போதும் மூடியின் பிடியிடம் தோற்க வேண்டும். தோற்காவிட்டால் எண்ணெய் கொட்டும். மற்ற அளவுகள் எல்லாம் இந்த ஒரு விதியிலிருந்து பிறப்பவைதான்.

டிபன் கேரியரில் இந்தச் சிக்கல் இல்லை. அடுக்குகள் ஒன்றுக்குள் ஒன்று உட்காரும். ஆனால் சேர்த்துப் பிடிப்பது பக்கத்துச் சட்டமும் மேல் கொக்கியும். உட்காரும் வேலை தனி, பிடிக்கும் வேலை தனி. பாட்டிலுக்குச் சட்டம் கிடையாது என்பதால் இரண்டு வேலையும் ஒரே மூட்டின் தலையில் விழுகிறது.

மரை வைத்த அடுக்கு டப்பாவை எடுத்துக்கொள்வோம். மேல் டப்பாவின் அடியில் மரை. கீழ் டப்பாவின் மூடியில் அதற்கு ஏற்ற பள்ளம். மேலே இருப்பதைக் கழற்ற இடஞ்சுழியாகத் திருகுகிறோம். இரண்டும் வழக்கமான மரையாக இருந்தால், மேல் டப்பா மூடியிலிருந்து கழலலாம். அல்லது மேல் டப்பாவோடு மூடியும் சேர்ந்து சுற்றி, கீழ் டப்பா திறந்துகொள்ளலாம். எது தளர்வாக இருக்கிறதோ அது விடும். இன்றைக்கு ஒன்று, நாளைக்கு மற்றொன்று. மரையில் கொஞ்சம் எண்ணெய் பட்டிருந்தால் இன்னொரு கதை. மேல் டப்பாவைத் தூக்கும்போது அதன் அடியில் கீழ் டப்பாவின் மூடியும் ஒட்டிக்கொண்டு வரும். அதன் உட்புறத்தில் அப்பியிருந்த கிரீம் பலகையில் விழும்.

இதற்கு நல்ல வழி, அடுக்கின் மூட்டை எதிர் மரையாக வைப்பது. மூடிகள் வழக்கம்போல இடஞ்சுழியில் திறக்கட்டும். அடுக்கு மூட்டு வலஞ்சுழியில் கழலட்டும். இப்போது மேல் டப்பாவை வலஞ்சுழியாகத் திருகினால் மூட்டு கழலும்; அதே திருகு கீழ் மூடியை இறுக்குகிற பக்கமாக இருப்பதால் மூடி திறக்க வழியே இல்லை. இடஞ்சுழியாகத் திருகினால் மூட்டு இறுகும், கீழ் மூடி திறக்கும். அதாவது எந்தப் பக்கம் திருகினால் என்ன நடக்கும் என்பது ஒவ்வொரு முறையும் நிச்சயம். உராய்வையோ எண்ணெயையோ நம்பி இருக்க வேண்டியதில்லை.

இதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. அடுக்கு மாட்டியிருக்கும்போதே கீழ் மூடியைத் திறந்தவர்கள், திரும்ப மூடவும் மேல் டப்பாவையே பிடித்து வலஞ்சுழியாகத் திருகுவார்கள். அப்போது மூடி இறுகாது, மூட்டு கழன்றுவிடும். மூடிவிட்டோம் என்று நினைத்து வைத்துவிடுவார்கள். எனவே மூடியின் பக்கச் சுவர் விரல் பிடிக்கிற அளவுக்கு, குறைந்தது 10 மி.மீ. உயரம், வெளியே தெரிய வேண்டும். அதில் வரி வரியாகச் சொரசொரப்பு வேண்டும். எண்ணெய்க் கை வழுக்கும் என்பதை மறந்து மினுமினுப்பான மூடி வைத்தால் யாரும் அதைப் பிடிக்க மாட்டார்கள், மேல் டப்பாவைத்தான் பிடிப்பார்கள். கழற்றும் திசைக்கு ஓர் அம்புக்குறி மேடாக வரும்படி பிளாஸ்டிக் வார்க்கும் அச்சிலேயே வெட்டிவிடுங்கள். ஸ்டிக்கர் எண்ணெய் பட்டு உரிந்துவிடும்.

முழு மரை தேவையில்லை. மூன்று காதுகள், அதாவது சரிவான குட்டி மேடுகள், வைத்த கால் சுற்று மூட்டு போதும். காதின் சரிவு மிதமாக இருக்கட்டும். சுற்றின் கடைசியில் ஒரு தடுப்பு கட்டாயம். தடுப்பு இல்லாவிட்டால், மூடியைத் திறக்கப் போட்ட பலம் முழுவதும் காதை ஆப்பு அடித்தது போல இறுக்கிவிடும். பிறகு கழற்ற முடியாது.

எவ்வளவு இறுக்கம் என்பதை அளக்க டார்க் (திருகும் பலம்) காட்டும் மீட்டர் இல்லையென்றாலும் பரவாயில்லை. மூடியைச் சுற்றிக் கயிறு கட்டி, நுனியைப் பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசில் மாட்டி, தொடுகோடாக இழுங்கள். 50 மி.மீ. விட்டமுள்ள மூடிக்கு ஆரம் 25 மி.மீ. தராசு 4.9 கிலோ காட்டும்போது மூடி நகர்ந்தால் திறக்கும் டார்க் சுமார் 1.2 நியூட்டன் மீட்டர். அடுக்கு மூட்டு அதில் மூன்றில் ஒரு பங்கில், அதாவது 1.6 கிலோ பக்கம் விட்டால் சரியான இடம். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மூடிய உடனே அளக்கக் கூடாது. மூடியின் உள்ளே ஒழுகாமல் அடைக்கும் வட்டத் துண்டான நுரை வாட் அமுங்கி உட்கார ஒரு நாள் ஆகும். போட்ட டார்க்கில் பாதியளவுக்கு இறங்கிய பிறகு நிற்பதுதான் உண்மையான பிடி. அந்த இறங்கிய கணக்கோடுதான் மூட்டை ஒப்பிட வேண்டும்.

அடுத்தது, எது மேடு, எது பள்ளம். வரைபடங்களில் பெரும்பாலும் மூடியின் தலையில் பள்ளம் வைத்து, பாட்டிலின் அடியில் அதற்குள் இறங்கும் ஒரு குட்டைக் காலை வரைந்துவிடுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் குளியலறையில் வைத்தால் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கும், சோப்பு நுரை காயும், கருப்பாகப் பூஞ்சை பிடிக்கும். பாட்டிலைத் தனியாக வைத்தாலும் அது குட்டைக் காலில் நிற்பதால் ஆட்டம் கொடுக்கும். மாற்றிப் போடுங்கள். மூடியின் தலையில் மேடு. பாட்டிலின் அடியில் பள்ளம். உருகிய பிளாஸ்டிக் குழாயை அச்சுக்குள் காற்றால் ஊதி எடுக்கும் பாட்டில்களின் அடி எப்படியும் கொஞ்சம் உள்வாங்கித்தான் இருக்கும். அந்தப் பள்ளத்தைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தினால் போதும். பாட்டில் தன் முழு விளிம்பில் நிற்கும், தண்ணீரும் வழிந்துவிடும்.

அளவு சொல்கிறேன். மேட்டின் உயரம் 2 மி.மீ., பள்ளத்தின் ஆழம் 3 மி.மீ. நடுவில் 1 மி.மீ. காலி இருப்பது வீண் அல்ல. ஊதி எடுக்கும் ஹெச்.டி.பி.இ. (அடர்த்தி கூடிய பாலித்தீன்) பாட்டிலின் அடியில், உருகிய குழாயை அச்சு கடித்து ஒட்டிய தழும்பு ஒரு கோடாக ஓடும். பிளாஷ் எனப்படும் பிதுங்கிய மிச்சத்தை வெட்டிய பிறகும் அது கொஞ்சம் துருத்தி நிற்கும். மேடு போய் அந்தக் கோட்டில் இடித்தால் மேல் பாட்டில் ஒரு பக்கமாகச் சாய்ந்தாடும். பாரத்தை விளிம்புதான் தாங்க வேண்டும். மேடு வழிகாட்ட மட்டும். பள்ளத்தின் சுவரைச் செங்குத்தாக விடாமல் 10 டிகிரி சாய்த்தால், பார்க்காமல் வைத்தாலும் பாட்டில் தானாக நடுவுக்கு வந்து உட்காரும். அச்சிலிருந்து கழற்றவும் சுலபம். 3 மி.மீ. வரை, சாய்வுச் சுவரோடு, சூடு ஆறாத ஹெச்.டி.பி.இ. நெளிந்து கொடுத்து வந்துவிடும். அதைவிட ஆழம் வேண்டுமென்றால் அச்சில் தனியாக நகரும் அடித்தட்டு வேண்டும். செலவு ஏறும், சுழற்சி நேரமும் ஏறும். ஆழத்தைக் கூட்டினால் வேறொரு கெடுதலும் வருகிறது. அடி உள்ளே ஏறி நிற்கும் பாட்டிலைப் பார்த்து, சரக்கு குறைத்துவிட்டார்கள் என்று வாங்குபவர் நினைப்பார். நினைப்பதில் தப்பும் இல்லை.

மேட்டின் பக்கச் சுவரில் மூன்று இடத்தில் 1 மி.மீ. அகலம், அரை மி.மீ. ஆழத்தில் காற்றுக் கோடு வெட்டுங்கள். எண்ணெய்ப் பாட்டிலில் ஒரு சொட்டாவது வெளியே வழிந்து அடிக்கு இறங்கும். விளிம்பும் மூடியும் அந்த எண்ணெய்ப் படலத்தால் ஒட்டிக்கொண்டால் உள்ளே காற்றுப் புகாது. மேல் பாட்டிலைத் தூக்கும்போது கீழ் பாட்டிலும் உறிஞ்சப்பட்டு ஓரிரு அங்குலம் கூடவே எழும்பும். அங்கே பிடி விட்டு, 'டொக்' என்று பலகையில் விழும். கண்ணாடி பாட்டிலாக இருந்தால் அத்தோடு சரி. காற்றுக் கோடு விளிம்பையும் தாண்டி வெளியே வர வேண்டும், இல்லாவிட்டால் பயன் இல்லை.

இடைவெளி விஷயத்தில்தான் பட்டறைக்காரரும் பாட்டில்காரரும் சண்டை போடுவார்கள். மூடி பி.பி.யில் (பாலிப்ரோப்பிலீன்) இன்ஜெக்ஷன் மோல்டிங், அதாவது உருகியதை அச்சுக்குள் அழுத்தி நிரப்புவது; பாட்டில் ஹெச்.டி.பி.இ.யில் புளோ மோல்டிங், அதாவது ஊதி எடுப்பது. பி.பி. ஆறும்போது சுமார் 1 முதல் 2.5 சதவீதம் வரை சுருங்கும்; ஹெச்.டி.பி.இ. அதைவிடக் கூடுதலாக, 1.5 முதல் 3 சதவீதம் வரை சுருங்கும். சுருங்குவது பிரச்சினை அல்ல, அதை அச்சிலேயே கூட்டி வெட்டிவிடலாம். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி சுருங்குவதுதான் பிரச்சினை. குளிர்விக்கும் தண்ணீர் கோடையில் சூடாக வந்தால், அல்லது ஆபரேட்டர் எண்ணிக்கையைக் கூட்ட ஆறும் நேரத்தைக் குறைத்தால், சுருக்கம் மாறும். 42 மி.மீ. விட்டத்தில் 1 சதவீதம் மாறினால் 0.42 மி.மீ. ஆகவே மேடு 42.0 என்றால் பள்ளத்தின் உள்விட்டத்தை 42.7 வைப்பேன். 0.3 மி.மீ. மட்டும் விட்டால் முதல் மாதிரி அருமையாக உட்காரும். உற்பத்தி ஓடும்போது பாதி உட்காராது. ஹெச்.டி.பி.இ. பாட்டில் அச்சிலிருந்து வந்த பிறகும் சுருங்கிக்கொண்டே இருக்கும், எனவே 24 மணி நேரம் கழித்து வெர்னியர் வைத்து விட்டத்தை அளந்து பாருங்கள். சூடாக இருக்கும்போது எடுத்த அளவை வைத்து அச்சைத் திருத்தியவர்கள் திரும்பவும் திருத்த வேண்டி வரும்.

ஆயிரம் இரண்டாயிரம் பாட்டில் விற்பவர் புதுப் பாட்டிலுக்கு அச்சு போடவே வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. கஞ்சிக்கோட்டிலோ கோவையிலோ ரெடிமேடாகக் கிடைக்கும் பாட்டிலை எடுத்துக்கொண்டு மூடியை மட்டும் புதிதாகச் செய்யுங்கள். 24/410 என்று கடையில் சொல்வார்களே, அதில் 24 என்பது கழுத்தின் மரை வெளிவிட்டம், சுமார் 24 மி.மீ.; 410 என்பது மரை ஒன்றரைச் சுற்று. 400 என்றால் ஒரு சுற்று, 415 என்றால் இரண்டு சுற்றும் உயரமான கழுத்தும். மூடி அதே கழுத்துக்குப் பொருந்த, அதன் தலை பாட்டிலின் அடிக்குப் பொருந்த வேண்டும். கழுத்து குறுகலாகவும் உடம்பு அகலமாகவும் இருப்பதால், தோளை மூடும்படி அகன்ற தொப்பி போன்ற மூடி வரும். உள்ளே 24 மரை, வெளியே 50 மி.மீ. வட்டம், இரண்டுக்கும் நடுவே ஆறு விலா. விலா இல்லாமல் விட்டால் மேல் பாட்டிலின் பாரத்தில் தொப்பியின் ஓரம் தொங்கும்.

தொப்பிக்கும் காசு இல்லையென்றால் ஒரு வளையம் போதும். கழுத்தில் மாட்டி, தோளில் உட்கார்ந்து, மேலே வழக்கமான மூடி திருகப்படும். உள்விட்டம் 24.6 மி.மீ., கனம் 1.5 மி.மீ. மாட்டுவதற்கு முன் ஒன்றைச் சோதிக்க வேண்டும்: மூடி முழுதாக இறுகிய நிலையில் அதன் அடி விளிம்புக்கும் தோளுக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது? 2 மி.மீ. இருந்தால் வளையம் உட்காரும். 1 மி.மீ. தான் என்றால் மூடி வளையத்தில் போய் இடித்து நின்றுவிடும். வாட் கழுத்தின் வாயைத் தொடவே தொடாது. கைக்கு இறுக்கமாகத்தான் தெரியும், ஆனால் கவிழ்த்தால் ஒழுகும். வெளியே எந்த அடையாளமும் காட்டாத பழுது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பக்கவாட்டில் மாட்டுவதற்கும் இந்த வளையம்தான் உதவும். சதுரப் பாட்டிலின் ஒரு பக்கத்தில் டவ்டெயில் (வேர் குறுகி நுனி அகன்ற) நாக்கு, எதிர்ப்பக்கத்தில் காடி வைத்தால் வரிசையாகக் கோத்துக்கொண்டே போகலாம் என்று தோன்றும். இரண்டு பாதியாகப் பிளக்கும் புளோ அச்சில் அது நடக்காது. நாக்கு வெளிப்பக்கம் விரிந்து இருப்பதால் அச்சு விலகும்போது அதிலேயே மாட்டிக்கொள்ளும், இழுத்தால் கிழியும். அதே டவ்டெயிலைத் தனி வளையத்தில் வைத்து, அச்சு மேலும் கீழுமாகத் திறக்கும்படி செய்தால் நாக்கு திறக்கும் திசையிலேயே ஓடுகிறது, எந்தத் தடையும் இல்லை. நாக்கின் வேர் 8 மி.மீ., நுனி 10 மி.மீ., ஆழம் 3 மி.மீ., பக்கத்துக்கு 0.2 மி.மீ. இடைவெளி. காடியின் அடி மூடியிருக்க வேண்டும். திறந்திருந்தால் ஒரு பாட்டிலைத் தூக்கும்போது பக்கத்துப் பாட்டில் நழுவி விழும். பம்ப் வைத்த பாட்டில்களுக்கு இந்தப் பக்கப் பிடிதான் வழி. பம்புக்கு மேலே எதையும் அடுக்க முடியாது. அடுக்கினால் அழுந்திப் பீய்ச்சும்.

க்ளிக் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. கொக்கி நாக்கின் வேரில் எழும் இழுவிசைத் திரிபு (பிளாஸ்டிக் எவ்வளவு பங்கு நீள்கிறது என்பது) = 1.5 × கனம் × வளையும் தூரம் ÷ நீளத்தின் வர்க்கம். கனம் 1.2, வளைவு 0.6, நீளம் 8 மி.மீ. என்றால் 1.08 ÷ 64, அதாவது 1.7 சதவீதம். தினமும் மாட்டிக் கழற்றினாலும் பி.பி. இதைத் தாங்கும். நீளத்தை 4 மி.மீ. ஆகக் குறைத்தால் திரிபு நான்கு மடங்காகி 6.8 சதவீதத்துக்குப் போகும், பி.பி.கூட வெளுத்து, சீக்கிரம் தளர்ந்துவிடும். ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் என்றால் உடையும். கொக்கி உடைகிறது என்று கனத்தைக் கூட்டுவது பலர் செய்யும் வேலை. கனம் கூடினால் திரிபும் கூடும். இன்னும் சீக்கிரம் உடையும். நீட்ட வேண்டியது நீளத்தை. வேரில் அரை மி.மீ. வளைவு கொடுங்கள், கூர்மூலை வைக்காதீர்கள்.

காந்தத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். குட்டி நியோடிமியம் காந்தங்களைக் குழந்தை இரண்டு விழுங்கினால் குடலை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும், உயிருக்கே ஆபத்து. பூச்சு தேய்ந்தால் ஈரத்தில் துருப்பிடிக்கும். பழைய பிளாஸ்டிக்கோடு போடவும் முடியாது.

இனிச் சாய்வு. ஒவ்வொன்றும் 50 மி.மீ. அகலம், 60 மி.மீ. உயரம் உள்ள மூன்று டப்பாக்கள். காலி எடை 20 கிராம், சரக்கு 80 கிராம். மூன்றும் நிறைந்திருந்தால் எடை மையம் 90 மி.மீ. உயரத்தில். 25-ஐ 90-ஆல் வகுத்து கோணம் எடுத்தால் 15.5 டிகிரி வரை சாய்த்தாலும் விழாது. அடியில் இருப்பது தீர்ந்து மேல் இரண்டும் நிறைந்திருந்தால் மையம் 112 மி.மீ. ஏறும், கோணம் 12.6-க்கு இறங்கும். இந்த மோசமான நிலையில் 10 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது நான் வைக்கும் எல்லை. சோதிக்க ஒரு பலகை போதும்: 30 செ.மீ. நீளப் பலகையில் அடுக்கை வைத்து ஒரு முனையை 5.2 செ.மீ. தூக்கினால் அதுதான் 10 டிகிரி. நான்காவது டப்பா வேண்டும் என்றால் அகலத்தைக் கூட்டுங்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜன்னல் வழியாக அடிக்கிற வீடுகளில், எல்லாம் தீரப்போகிற நிலையில் இருக்கும் லேசான அடுக்கு சும்மாவே விழும். கோணம் அதேதான், எடை இல்லை என்பதால் தள்ளும் விசை கொஞ்சமே போதும். அடி விளிம்பு 1.5 மி.மீ. கனமாக இருந்தால் அடியில் கொஞ்சம் எடை தங்கும்.

இந்தப் பகுதியில் விற்கிற பாட்டில் வெயிலையும் மலையையும் ஒரே வாரத்தில் பார்க்கும். மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டு வெப்பம் 40 டிகிரியைத் தொடும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் அதற்கும் மேல். 25 டிகிரியில் நிரப்பிய 100 மில்லி எண்ணெய் 45 டிகிரிக்குப் போனால் சுமார் 1.4 மில்லி கூடும். அதே பாட்டில் உடுமலை, சின்னாறு, மறையூர் வழியாக மூணாறு ஏறினால் அங்கே ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதில் ஆறில் ஐந்து பங்குதான். வாய்ப்பக்கம் அடைபட்ட 10 மில்லி காற்று 12 மில்லி இடம் கேட்கும். குளிர் அதில் கொஞ்சத்தைக் குறைக்கும், முழுவதையும் அல்ல. மெல்லிய பாட்டிலாக இருந்தால் அடிப் பள்ளம் வெளியே தள்ளும். 3 மி.மீ. பள்ளம் 2 ஆகிவிட்டால் மேடு இடிக்க ஆரம்பிக்கும், அடுக்கு ஆடும். முன்னால் சொன்ன 1 மி.மீ. காலிக்கு இது இன்னொரு காரணம். பாட்டிலின் வாய்வரை கொள்ளளவை விற்கும் அளவைவிட 8 முதல் 10 சதவீதம் கூடுதலாக வையுங்கள்.

தேங்காயெண்ணெய் 24 டிகிரி பக்கம் உறையும். மூணாற்றுக் காலையில் குறுகிய கழுத்துப் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டும் வராது. ஆகவே மலைக்குப் போகும் சரக்கு விரல் நுழையும் வாயுள்ள டப்பாவில் இருக்கட்டும். அடுக்குவதற்கும் அகன்ற வாய்தான் தோது. தைலத்தைச் சூடாக நிரப்பும் பழக்கம் இருந்தால், தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக்கில் பாட்டில் வேண்டாம். 70 டிகிரிக்குப் பக்கத்தில் பெட் இளகும், அதற்கு முன்பே அடி கோணலாகிவிடும். அடி கோணினால் அடுக்கு போச்சு. பி.பி. அல்லது கண்ணாடி எடுங்கள், இல்லையேல் 45 டிகிரிக்குக் கீழே ஆறவிட்டு நிரப்புங்கள்.

புல்தைலம், யூகலிப்டஸ், கற்பூரம், எலுமிச்சை வாசனை உள்ள பொருளுக்குப் பளிங்கு போல மின்னும் பாலிஸ்டைரீன் டப்பா வைக்காதீர்கள். எண்ணெய் பட்ட இடத்தில் மயிரிழை விரிசல்கள் கிளைக்கும். அதுவும் கொக்கியின் வேர், காதின் மூலை என்று இழுவிசை இருக்கும் இடமாகப் பார்த்து. அடுக்கு டப்பாவில் அந்த இடங்கள்தான் உயிர்நிலை. ஷாம்பு, திரவ சோப்பு நிரப்பும் ஹெச்.டி.பி.இ. பாட்டிலிலும் வளைந்து நிற்கும் இடங்களில் மாதக்கணக்கில் இருந்தால் விரிசல் விழலாம். மூட்டில் இறுக்கத்துக்காகச் சாதாரண ரப்பர் வளையம் போட்டால் எண்ணெயில் ஊறி ஊதும், நைட்ரைல் போடுங்கள். மூடி, வளையம், டப்பா மூன்றும் பி.பி. என்றால் பழைய சாமான்காரர் பிரிக்காமலே எடுத்துக்கொள்வார்.

வட்டமா சதுரமா என்பதற்குச் சுருக்கமாக: சதுர வரிசையில் வைத்த வட்டங்கள் இடத்தில் 78.5 சதவீதத்தைத்தான் நிரப்பும். சதுரம் இடத்தை வீணாக்காது, ஆனால் ஊதும்போது மூலைகளில் சுவர் மெலியும், தட்டையான பக்கங்கள் உப்பும். திருகி மாட்டும் மூட்டு வைத்த சதுரப் பாட்டில்கள் கோணம் ஒத்துவராமல் முறுக்கி நிற்கும். கால் சுற்றின் தடுப்பு மிகச் சரியாக அமைந்தால்தான் முகங்கள் நேராகும். திருகு மூட்டுக்கு வட்டம், பக்கக் காடிக்குச் சதுரம் என்று பிரித்துக்கொள்வது நிம்மதி.

அச்சுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் 3டி பிரிண்ட் எடுத்துப் பாருங்கள். பிரிண்டருக்குப் போடும் பிளாஸ்டிக்குகளில் பி.எல்.ஏ. வேண்டாம், 60 டிகிரி பக்கம் இளகும். வண்டியில் விட்டால் வளைந்துவிடும். பெட்ஜி பரவாயில்லை. கொக்கியைப் படுக்கவைத்து அச்சிட வேண்டும். நிற்கவைத்தால் அடுக்கு அடுக்காகப் பிளக்கும், கொக்கி வடிவமே தப்பு என்று தவறாக முடிவு செய்துவிடுவோம். பிரிண்டில் கிடைக்கும் இடைவெளி அச்சில் கிடைக்காது. இதில் பார்க்க வேண்டியது கை எங்கே போகிறது, எந்தப் பக்கம் திருப்புகிறார்கள் என்பதை. சொல்லிக்கொடுக்காமல் எண்ணெய்க் கையோடு ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். முதல் அச்சு மாதிரி வந்ததும் தண்ணீர் நிரப்பி, மூன்றை அடுக்கி, 1.2 மீட்டர் உயரத்திலிருந்து சிமென்ட் தரையில் விடுங்கள். அடுக்கு பிரிந்து சிதறினால் நல்லது. ஒரு மூடியும் திறந்திருக்கக் கூடாது.

லேபிளில் இடம் எவ்வளவு என்பதை மூட்டு முடிவாகும்போதே குறித்துக்கொள்ளுங்கள். 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் எடையளவு விதிகளும் 2020-ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளும் கேட்கும் விவரங்கள், அதாவது தயாரிப்பாளர் முகவரி, நிகர அளவு, விலை, பேட்ச் எண், தேதி எல்லாம் அடுக்கிய நிலையிலும் படிக்கத் தெரிய வேண்டும். பேட்ச் எண்ணை அடியில் அடிக்கும் வழக்கம் இங்கே உதவாது, அடிதான் மூடப்படுகிறதே. தோளுக்குக் கீழே, உடம்பில் அடியுங்கள். பொருளின் பெயரையும் மூடியில் மட்டும் போட்டுவிடாதீர்கள். எல்லா மூடியும் எல்லா டப்பாவுக்கும் பொருந்தும்படி செய்துவிட்டோம் என்பதால் வீட்டில் மூடிகள் இடம் மாறும். வலித் தைலத்தின் மூடி முகக் கிரீம் டப்பாவுக்குப் போகும். இரவில் அவசரமாக எடுப்பவர் மூடியைத்தான் படிப்பார், கண்ணுக்குக் கீழே எரியும். பெயர் உடம்பில் இருக்கட்டும். மூடிக்கு நிறம் மட்டும் போதும். கண்ணுக்குப் பக்கத்தில் போகக் கூடாத பொருளுக்கு மரை அளவையே மாற்றி, 24-க்குப் பதில் 28 வையுங்கள். அந்த மூடி மற்றதின் மரையில் பிடிக்கவே பிடிக்காது, அடியும் தலையும் மட்டும் அடுக்குக்குப் பொருந்தும்.